இலக்கணப் பகுப்பியும் தோட்டத்துச் சொற்றொடரும்



இப்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினியாளர்க்கு மட்டும் உரியது போலத் தோன்றலாம். கணினிக்கென்று எழுதப்படும் இலக்கணம் சரியாக இருக்கிறதா என்று எவ்வாறு சோதிப்பது என்பதே பொருள். சோதிப்பவன் கையில் எந்தத் தமிழ் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியவுடன், கேள்வி சிரம்பானுக்கும் லாபுவுக்கும் ரந்தாவுக்கும் பகாவுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆகவே நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்தோரும் அவர்தம் மக்களும் நிறைந்திருக்கும் இவ்வவையில் அதனைப் பேசுவதே முறை என்று கருதினோம்.

தெரிந்ததிலிருந்து தொடங்குவோம். 'வந்தனன்' என்னும் சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி எனப் பிரித்துக் காட்டுமாறு வகுப்பறையில் கேட்கிறோம். மாணவர் 'வா' எனப் பகுதியை எழுதி, அது 'வ' எனக் குறுகியதை விகாரம் என்பர். 'த்' சந்தி, அது 'ந்' ஆனது விகாரம் என்பர். அடுத்த 'த்' இறந்தகால இடைநிலை, முதல் 'அன்' சாரியை, இறுதி 'அன்' ஆண்பால் ஒருமை விகுதி என்பர். ஆறு உறுப்பும் ஒருங்கே அமைந்த சொல்லாதலால் ஆசிரியர் இதனை விரும்பிக் கேட்கின்றனர். இவ்வேலையைக் கணினி செய்யுமானால் அதற்குப் பகுப்பி என்று பெயர். அது பின்பற்றும் விதிகளின் தொகுதி, பகுப்பியின் இலக்கணம். சொல்லைப் பகுப்பது ஒரு படி. சொற்றொடரை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள், அடை எனப் பகுத்து, எது எதனைச் சார்ந்து நிற்கிறது என்று மரமாக வரைந்து காட்டுவது அடுத்த படி.

மாணவரின் விடைத்தாளுக்கும் கணினியின் விடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவர் ஒரு சொல்லைத் தவறாகப் பிரித்தால் அத்தவறு அச்சொல்லோடு நின்றுவிடும். கணினி இலக்கணத்தில் ஒரு விதியைத் திருத்தினால், அதனால் எந்தச் சொல் எங்கே கெடும் என்று திருத்தியவருக்கே தெரியாது. நானூறு விதிகள் கொண்ட இலக்கணத்தில் நானூற்றோராவது விதியைச் சேர்ப்பவர், முந்தைய நானூறும் முன்போலவே இயங்குகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். கையால் பார்க்க இயலாது. இங்கேதான் 'யூனிட் டெஸ்ட்' என்னும் அலகுச் சோதனை பயன்படுகிறது.

அலகுச் சோதனை மென்பொருள் எழுதுவோர் கண்ட முறை. பெரிய நிரல் முழுவதையும் ஒருங்கே ஓட்டிப் பார்ப்பதற்கு முன், அதன் சிறு உறுப்பு ஒவ்வொன்றுக்கும் 'இதனைக் கொடுத்தால் இதுவே வரவேண்டும்' என்று எழுதி வைத்துவிடுவது. திருத்தம் செய்யும்போதெல்லாம் எழுதி வைத்த அனைத்தையும் கணினியே ஓட்டி, எவை தேறின, எவை தவறின என்று சொல்வது. கென்ட் பெக் என்பவர் ஸ்மால்டாக் மொழிக்கு இத்தகைய கருவியொன்றை முதலில் செய்தார். 1997 இல் அவரும் எரிக் காமாவும் சூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்கு வானூர்தியில் செல்லும்போது ஜாவா மொழிக்கான ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினர் என்பது அத்துறையில் பலரறிந்த செய்தி. பயண நேரத்தில் பிறந்த அந்தக் கருவியின் வழிவந்தவை இன்று ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளிலும் உள்ளன.

பகுப்பி இலக்கணங்களுக்கென்றே அமைந்த சோதனைக் கருவிகளும் எழுந்தன. டெரன்ஸ் பார் உருவாக்கிய ஆண்ட்லர் என்னும் பகுப்பியாக்கக் கருவியுடன் ஜியூனிட் என்னும் துணைக்கருவி வந்தது. அதன் அமைப்பு எளியது. விதியின் பெயரை எழுதுகிறோம். அதன்கீழ் உள்ளீட்டுச் சரம் ஒன்றை எழுதுகிறோம். எதிரே ஏற்கப்பட வேண்டும் என்றோ, மறுக்கப்பட வேண்டும் என்றோ குறிக்கிறோம். வேண்டுமானால் வரவேண்டிய மரத்தையும் அடைப்புக்குள் அடைப்பாக எழுதி வைக்கிறோம். அவ்வளவே. ஒரு விதியைத் தனியே எடுத்துச் சோதிக்க இயல்வதுதான் இதன் சிறப்பு. 'மரம்' என்னும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும் விதிக்கு 'மரத்துக்கு', 'மரத்திற்கு' இரண்டும் ஏற்கப்பட வேண்டும் என்றும், 'மரமுக்கு' மறுக்கப்பட வேண்டும் என்றும் எழுதினால் அவ்விதிக்கு மூன்று சோதனைகள் ஆயின.

மூன்றனுள் மூன்றாவதே முதன்மையானது என்பது நம் கருத்து. எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் இலக்கணம் ஏற்புச் சோதனைகள் அனைத்திலும் தேறிவிடும். 'நான் வந்தேன்' என்பதை ஏற்கும் பகுப்பி 'நான் வந்தான்' என்பதையும் ஏற்குமானால் அதற்கு இயைபு தெரியாது என்று பொருள். 'எனக்குப் பசிக்கிறது' ஏற்கப்பட வேண்டும்; 'எனக்குப் பசிக்கிறேன்' மறுக்கப்பட வேண்டும். மறுப்புச் சோதனை எழுதுவது கடினம். எதனை மறுக்க வேண்டும் என்று சொல்வதற்கு மொழியை உள்ளிருந்து அறிந்த ஒருவர் வேண்டும்.

தமிழ் உரையாசிரியர்கள் இதனைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் உரைக்குரிய கூறுகளாகப் பதினான்கினை எண்ணும்போது உதாரணத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். உரையாசிரியர்கள் நூற்பாவுக்கு எடுத்துக்காட்டுத் தருவதோடு நிற்பதில்லை. நூற்பாவில் ஒரு சொல் ஏன் பெய்யப்பட்டது என்று தாமே வினவி, அச்சொல் இல்லையாயின் இன்ன வடிவமும் விதிக்குள் வந்துவிடும், அதனை விலக்கவே பெய்தார் என்று விடை கூறுவர். விலக்க வேண்டிய வடிவத்தையும் காட்டுவர். மறுப்புச் சோதனை என்று இன்று கணினியார் கூறுவதும் இதுவே. விதிக்குள் அடங்காமல் எஞ்சியவற்றைத் தழுவப் புறனடை வகுத்ததும் அம்மரபே. நம் மாணவர்கள் உரைகளைச் சோதனைத் தொகுதிகளாகவும் படித்துப் பார்க்கலாம். சேனாவரையர் உரையில் ஓர் இயலை எடுத்துக்கொண்டு, ஏற்பு எத்தனை, விலக்கு எத்தனை என்று பட்டியலிட்டாலே ஓர் ஆய்வேடாகும்.

இயற்கை மொழிப் பகுப்பிகளுக்கென்று திட்டமிட்ட சோதனைத் தொடர்கள் மேலைநாடுகளில் 1980களிலிருந்து வந்தன. 1987 இல் ஹியூலெட்-பேக்கர்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய மொழியியலாளர் சிலர் ஆங்கிலத்துக்கு அத்தகைய தொகுதி ஒன்றை அளித்தனர். 1990களின் நடுவில் ஐரோப்பாவில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்று மொழிகளுக்கும் சோதனைத் தொகுதிகள் ஆக்கப்பட்டன. அவற்றில் பிழைத் தொடர்களும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டன. சிராக்ஸ் ஆய்வகத்தில் உருவான எக்ஸ்.எல்.இ. என்னும் களத்தில் சோதனைத் தொடர்களைக் கோப்பாக வைத்து ஒருங்கே ஓட்டலாம்; ஒவ்வொரு தொடருக்கும் எத்தனை பகுப்புகள் வந்தன என்ற எண்ணிக்கையையும் அது காட்டும். இவ்வெண்ணிக்கையை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நேற்று இரண்டு பகுப்பு தந்த தொடர் இன்று இருபது தருமானால், எங்கோ ஒரு விதி வேலி தாண்டிவிட்டது என்று அறியலாம்.

தமிழுக்கு வருவோம். செக் நாட்டுப் பிராகு நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி முன்னின்று செய்த தமிழ் மரவங்கி, செய்தித்தாள் தமிழிலிருந்து எடுத்த 600 தொடர்களைக் கொண்டது. மரவங்கி என்பது பகுத்து மரமாக வரையப்பட்ட தொடர்களின் சேமிப்பு. பின்னர் பரமேஸ்வரி கிருஷ்ணமூர்த்தியும் இலங்கையைச் சேர்ந்த சர்வேஸ்வரனும் சேர்ந்து 534 தொடர்கள் கொண்ட மற்றொன்றை அளித்தனர். அதன் தொடர்கள் பெரும்பாலும் தாமஸ் லேமன் எழுதிய தற்காலத் தமிழ் இலக்கண நூலின் எடுத்துக்காட்டுகள். சர்வேஸ்வரன், கிஹான் டயஸ், மிரியம் பட் ஆகிய மூவரும் ஆக்கிய தமிழி மார்ஃப் என்னும் சொற்பகுப்பி பற்றிய கட்டுரை 2021 இல் வெளிவந்தது. அது ஃபோமா என்னும் கருவியால் இயல்வது. சொல்லைக் கொடுத்தால் பிரிக்கும், உறுப்புகளைக் கொடுத்தால் சொல்லை ஆக்கித் தரும். இரு திசையும் இருப்பதால் சோதனையும் இரு திசையில் நடக்கலாம். ஆக்கிய சொல்லையே மீண்டும் பிரிக்கச் சொல்லி, தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்க்கலாம்.

இவையனைத்தும் பாராட்டத்தக்க உழைப்பு. லேமனின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு மரவங்கி அமைத்தது நல்ல சிந்தனை. இலக்கண நூலின் எடுத்துக்காட்டு ஒவ்வொன்றும் ஒரு கூறினை விளக்கப் பிறந்ததாதலால் அது இயல்பாகவே சோதனைத் தொடராகிறது. ஆயினும் ஒன்றினை நோக்குங்கள். ஒரு தொகுதி செய்தித்தாளின் எழுத்துத் தமிழ். மற்றொன்று இலக்கண நூலின் எழுத்துத் தமிழ். இத்தொடர்களைக் கொண்டு சோதித்து, எல்லாம் தேறின என்று ஒரு பகுப்பி சான்று பெறுமானால், அச்சான்று அந்தத் தமிழுக்கு மட்டுமே உரியது. சிலியாவிலோ லிங்கியிலோ ஒரு பால்மரக் காட்டில் பேசப்பட்ட தமிழை அது பார்த்ததே இல்லை.

அந்தத் தமிழின் வரலாறு நீங்கள் அறிந்ததே. வடாற்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் எனப் பல மாவட்டத்தார் கங்காணிகள் வழியே தோட்டங்களுக்கு வந்தனர். 1938 இல் இந்திய அரசு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பெயர்வைத் தடுத்தபின் அவ்வழி அடைபட்டது. ஒரே லயத்தில் பல வட்டார வழக்குகள் ஒன்றோடொன்று உரசி ஒரு பொதுப் பேச்சு உருவாயிற்று. அதில் மலாய்ச் சொற்கள் கலந்தன. கீழ்ப் பேராக்கின் தமிழ் வழக்குகளைச் சொல்லடிப்படையில் ஆராய்ந்த இராம சுப்பையாவின் நூல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை வழியாக 1966 இல் வெளிவந்தது. அந்நூல் சொற்களை நோக்கிற்று. நமக்கு இப்போது வேண்டுவது சொற்றொடர்கள்.

சொல்லிலிருந்தே இடர் தொடங்குகிறது என்பதற்குச் சில காட்டுகள். பிரம்புக்கு நம்மவர் வழங்கும் சொல் 'ரோத்தான்', மலாய் மொழியின் ரோத்தான் என்பதே. அகராதியில் இல்லாத சொல்லை ஈற்றைப் பார்த்து ஊகிக்கும் பகுப்பி எதுவாயினும் இச்சொல்லைக் கண்டு என்ன செய்யும்? 'படித்தான்', 'அடித்தான்', 'ரோத்தான்'! 'த்த்' இறந்தகாலம், 'ஆன்' ஆண்பால் ஒருமை விகுதி, எஞ்சிய 'ரோ' வினைப்பகுதி. 'வாத்தியார் ரோத்தான் எடுத்தார்' என்னும் எளிய தொடரில் இரண்டு வினைமுற்றுகள் வந்துவிடுகின்றன; அவற்றுள் ஒன்றுக்கு எழுவாய் இல்லை. சிரிப்புக்குரியதுதான். ஆயினும் பகுப்பியைக் குறை கூற இயலாது. தமிழ் ஈறுகளைத் தமிழ் முறைப்படியே அது படித்தது.

இதற்கு அவசர மருந்து ஒன்று உண்டு. அறியாத பகுதியோடு 'த்தான்' வந்தால் வினையென்று கொள்ளாதே என்று ஒரு விதி எழுதலாம். 'ரோத்தான்' தேறிவிடும். மறுநாள் காலையில், புதிதாக ஆக்கப்பெறும் 'இத்தல்' ஈற்று வினைகள் எல்லாம் ஆண்பாலில் வரும்போது பெயர்களாகிவிட்டதைக் காண்போம். அலகுச் சோதனைகள் எழுதி வைத்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த நொடியில் பட்டியல் சிவந்துவிடும். முறையான மருந்து, 'ரோத்தான்' என்பதை அகராதியில் அஃறிணைப் பெயராகச் சேர்த்து, 'ரோத்தானை', 'ரோத்தானால்', 'ரோத்தானுக்கு' ஆகிய வேற்றுமை வடிவங்களை ஏற்புச் சோதனைகளாகவும், 'ரோத்தான் வந்தான்' என்பதை மறுப்புச் சோதனையாகவும் வைப்பது. சொல்லொன்று சேர்த்தால் சோதனை நான்கு சேரட்டும்.

'மண்டோர்' என்னும் மேற்பார்வையாளர் இன்னொரு வகையில் ஏமாற்றுவார். 'சான்றோர்', 'சென்றோர்' என்பவற்றின் வரிசையில் வைத்து அவரைப் பலர்பாலாக்கிவிடும் பகுப்பி, 'மண்டோர் வந்தார்' என்பதை ஏற்றாலும் ஒரு கூட்டமே வந்ததாகக் கணக்கிடும். 'கிராணி' இன்னும் சுவையானது. நமக்கு அவர் தோட்ட அலுவலக எழுத்தர். தமிழகத்து அகராதியைப் புரட்டினால் கிராணி என்பதற்கு வயிற்றுப்போக்கு நோய் என்னும் பொருளும் உண்டு. 'கிராணி வந்தார்' என்றால் எழுத்தர். 'கிராணி வந்தது' என்றால் நோய். திணை ஒன்றே இரண்டையும் பிரிக்கிறது. திணையியைபைச் சோதிக்க இதனினும் சிறந்த இணைத்தொடரை நாமாகப் புனைந்தாலும் பெற முடியாது. அகராதியில் ஒரே பதிவாக இருந்தால் இரண்டு தொடருள் ஒன்று கட்டாயம் தவறும்.

'கம்பம்' மலாய்க் கம்போங்கிலிருந்து வந்து தமிழ் ஈறு பெற்றுவிட்ட சொல். 'அம்' ஈற்றுப் பெயராகவே ஒழுகி, அத்துச் சாரியை பெற்றுக் 'கம்பத்துக்கு' என்று ஆகிறது. சொல்லிலக்கண அளவில் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் 'கம்பத்தில் இருக்கிறார்' என்பதைத் தூண் மேல் ஏறி இருக்கிறார் என்றோ, தேனி மாவட்டத்துக் கம்பம் நகரில் இருக்கிறார் என்றோ கொள்ளவும் இடமுண்டு. இது பொருள் மயக்கம். பகுப்பியின் மரம் மூன்றிலும் ஒன்றே. 'அம்மா மரம் வெட்டப் போனார்' என்றால் நமக்குப் பால் எடுக்கப் போனார், பிறர்க்கு மரத்தைச் சாய்க்கப் போனார், அதுவும் இவ்வகையே. இத்தகையவற்றைப் பகுப்பியின் சோதனையில் சேர்ப்பது வீண். பகுப்பி அறிய முடியாததை அதனிடம் கேட்டுவிட்டுத் தவறியது என்று குறிப்பது தேர்வு வைப்பவரின் குறை. 'கித்தா' என்னும் ரப்பரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'கித்தாவுக்கு' என வகர உடம்படுமெய் வருகிறதா என்பது. வந்தால் போதும்.

'லா' என்னும் ஒட்டு வேறு தரத்துச் சிக்கல். 'வாங்கலா' என்று எழுதிக் கொடுத்தால், 'வாங்க' என்னும் மதிப்பு ஏவலோடு நம் நாட்டு 'லா' சேர்ந்தது என்று ஒரு பகுப்பு. 'வாங்கலாம்' என்பதன் இறுதி மகரம் மூக்கொலியாகத் தேய்ந்த பேச்சு வடிவம் என்று மற்றொரு பகுப்பு. 'போலா' என்பதும் அவ்வாறே. இங்கே வரவேண்டிய விடை ஒரு மரமன்று, இரண்டு. சோதனையில் 'பகுப்பு எண்ணிக்கை: 2' என்று எழுதுவதே நேர்மை. ஒன்று வந்தாலும் தவறு, மூன்று வந்தாலும் தவறு.

இனி, இப்பொழிவில் நம் நெஞ்சுக்கு நெருக்கமான தொடருக்கு வருகிறோம். போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் கேட்டெழுதியது: 'அக்கா பெரட்டுக்குப் போயிட்டு நேரா நெரைக்குப் போயிருச்சு.' விடியுமுன் ஆளெடுக்கும் இடம் பெரட்டு. பால்வெட்டுக்காக ஒருவருக்கு ஒதுக்கிய மரவரிசை நிரை, பேச்சில் நெரை. 'போயிட்டு' என்பது 'போய்விட்டு'. 'போயிருச்சு' என்பது 'போய்விட்டது'. ஒரே 'விடு' என்னும் துணைவினை ஒரே தொடரில் இரண்டு உருவில் நிற்கிறது. இரண்டாவது உருவில் 'இரு' என்பது வெளியே தெரிவதால் 'போயிருக்கிறது' என்பதன் உறவென்று மயங்குவது எளிது. வரவேண்டிய விடை 'விடு' என்பதே. இது வரை இலக்கணச் சிக்கல், எழுதித் தீர்க்கலாம்.

'அக்கா' உயர்திணைப் பெண்பால். 'போயிருச்சு' அஃறிணை ஒருமை. எழுத்துத் தமிழின் இயைபு விதிப்படி இது பிழை. பிழைத் தொடர் என்று மறுப்புச் சோதனையில் சேர்ப்பதா? சேர்த்தால், தோட்டத்துப் பிள்ளை தன் அக்காவைப் பற்றி அன்போடு பேசிய தொடரைத் தமிழன்று என்று நாமே கணினிக்குக் கற்பிக்கிறோம். இங்கே அஃறிணை முடிபு இழிவு குறிப்பதில்லை, நெருக்கம் குறிப்பது. வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி இவ்வாறு பேசுவது தமிழகத்தின் சில வட்டாரங்களிலும் கேட்கக்கூடியதே. தொடரை ஏற்புச் சோதனையில் சேர்த்தாலோ, இயைபு விதியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் 'ஆசிரியை வந்தது' என்று கட்டுரையில் எழுதும் மாணவருக்குப் பிழை காட்டும் ஆற்றலைக் கருவி இழக்கும்.

இந்த இக்கட்டைக் கற்பனை என்று எண்ண வேண்டா. சொல்திருத்தியும் பேச்சை எழுத்தாக்கும் கருவியும் கட்டுரையை மதிப்பிடும் கருவியும் எத்தகைய இலக்கணத்தின் மேல் நிற்கின்றனவோ அத்தகைய தமிழையே தமிழென்று கொள்ளும். 'செம்பனை' என்னும் சொல்லின் கீழ்ச் சிவப்புக் கோடு விழுந்தால், அச்சொல்லைப் பாட்டியிடம் கற்ற பிள்ளை, பாட்டிக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு செய்யும். கருவிக்குத் தமிழ் போதவில்லை என்று முடிவு செய்ய அப்பிள்ளைக்கு யார் சொல்லித் தருவார்?

நம் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறோம், மாறுபடுவோர் மாறுபடலாம். எழுத்து வழக்குக்கு ஓர் இலக்கணம், பேச்சு வழக்குக்கு ஓர் இலக்கணம் என இரண்டு அடுக்கு வேண்டும். சோதனைத் தொடர் ஒவ்வொன்றும் தன் எதிரே இரண்டு விடைகளைத் தாங்க வேண்டும். 'அக்கா வந்தாள்': எழுத்தில் ஏற்பு, பேச்சிலும் ஏற்பு. 'அக்கா வந்துச்சு': எழுத்தில் மறுப்பு, பேச்சில் ஏற்பு. 'நான் வந்துச்சு': இரண்டிலும் மறுப்பு. இம்மூன்றாவது தொடரை மறந்துவிடாதீர்கள். பேச்சுத் தமிழுக்கும் விதி உண்டு, அதிலும் எல்லாம் செல்லாது என்பதைக் காட்டுவது அதுதான். தோட்டத்துத் தமிழை இலக்கணமற்ற தமிழ் என்பாருக்கு விடையாக நாம் நீண்ட கட்டுரைகள் எழுதியிருக்கிறோம். நல்ல மறுப்புச் சோதனைகள் ஐம்பது எழுதியிருந்தால் அவ்வளவு எழுத நேர்ந்திராது.

ஒரே இலக்கணத்துக்குள் எல்லா வழக்கையும் அடைத்து, நிகழ்தகவால் தேர்வு செய்துகொள்ளலாம் என்று இளைய ஆய்வாளர் கூறுவர். பெருந்தரவு உள்ள மொழி வழக்குக்கு அது பொருந்தும். நம் வழக்குக்கு எழுதப்பட்ட தரவு மிகக் குறைவு. எண்ணிக்கையை நம்பினால் செய்தித்தாள் தமிழே எப்போதும் வெல்லும். அப்படியே நிகழ்தகவு முறையைக் கைக்கொண்டாலும், அது சரியாகத் தேர்ந்ததா என்று பார்க்கச் சோதனைத் தொடர்கள் வேண்டும்.

இப்பணிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதை ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்கிறோம். கோடிட்ட ஒரு குறிப்பேடு போதும். முதற் பத்தியில் தொடரைச் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்து, அதற்கு ஈடான எழுத்துத் தமிழ்த் தொடர். அடுத்து, எந்த வட்டாரத்தில் கேட்டது, சொன்னவர் எந்தத் தலைமுறை என்ற குறிப்பு, பெயர் வேண்டா. கடைசிப் பத்தியில், அத்தொடரில் ஒரு சொல்லையோ ஈற்றையோ மாற்றி, 'இப்படிச் சொல்வீர்களா?' என்று கேட்டு, 'யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்' என்று அவர் சிரித்த வடிவத்தை எழுதுங்கள். அச்சிரிப்பே மறுப்புச் சோதனை. மறுப்பு வடிவத்தைக் கேளாமல் தொடரை மட்டும் தொகுத்து வருவோர் பாதி வேலையோடு திரும்புகின்றனர்.

ஒரு சோதனையில் ஒரு கூறு மட்டும் இருக்கட்டும். மேலே காட்டிய பெரட்டுத் தொடரில் ஐந்து சிக்கல்கள் உள்ளன. அது தவறினால் எதனால் தவறியது என்று தெரியாது. ஆகவே அதனை 'அக்கா போச்சு', 'அவன் போயிட்டான்', 'அது போயிருச்சு', 'பெரட்டுக்குப் போனான்', 'நெரைக்குப் போனான்' என்று உடைத்துத் தனித்தனியே சோதித்தபின், முழுத்தொடரையும் ஈற்றில் வைக்க வேண்டும். உடைக்கும்போது மக்கள் வாயில் வராத செயற்கைத் தொடர் பிறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது, பழகப் பழக வரும் கைத்திறன்.

கணினித் துறை மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. தவறும் சோதனையை நீக்கிவிட்டால் பட்டியல் முழுவதும் பச்சையாகும்; மேற்பார்வையாளரும் மகிழ்வார். நீக்காதீர்கள். 'இப்போது தவறும் என்று தெரியும்' என்று குறித்து வைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. 'லா' ஒட்டினை இன்றைய உங்கள் இலக்கணத்தால் கையாள முடியவில்லையா? முடியவில்லை என்றே பதிவாகட்டும். நீங்கள் பட்டம் பெற்றுச் சென்றபின் அந்த இருக்கையில் அமர்பவர் எங்கே தொடங்குவது என்று அறிவார்.

காலம் குறைவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து மக்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் நீலாய்க்கும் பெயர்ந்தனர். தோட்டத்தின் பெயர் பல இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சியிருக்கிறது. பால்வெட்டே இல்லாத இடத்தில் 'நெரை' என்னும் சொல்லைப் பேரன் கேட்க வாய்ப்பில்லை. அச்சொல்லோடு வந்த வினைகளும் போகும். நிரை 'பிடித்தார்களா', 'வாங்கினார்களா', 'எடுத்தார்களா' என்று மூன்று தோட்டத்தாரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டிப்பாலை 'பொறுக்கினார்களா', 'எடுத்தார்களா'? 'ஆயாக் கொட்டகையில் விட்டேன்' என்பார்களா, 'போட்டேன்' என்பார்களா? எந்த வினை எந்தப் பெயரோடு சேரும், எது சேராது என்பதை மேசையின் முன் அமர்ந்து நாம் ஊகிக்க இயலாது. அடுத்த பள்ளி விடுமுறைக்குள், எழுபது வயதைக் கடந்த ஒருவரிடமாவது இம்மூன்றையும் கேட்டு, அவர் ஏற்றதையும் சிரித்து மறுத்ததையும் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அவற்றைச் சோதனைக் கோப்பாக ஆக்கித் தரும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்.